அன்னாசிப்பூ விழுந்த வீடு

எனக்கு எண்பத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. என் கொழுந்தனும் அவன் பெண்டாட்டியும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன இரண்டும் என் பிள்ளைகளோடு பிள்ளைகளாக வளர்ந்தன. ஏழு பேரையும் மலாக்காவில், காஜா பெராங்கில், ஒரே வீட்டில் வைத்துத்தான் ஆளாக்கினேன். அந்த வீடு என் கைக்கு எப்படி வந்தது, வந்ததை நான் ஏன் விடவில்லை என்பதைச் சொல்லப்போகிறேன். என் பிள்ளைகளுக்கே இது முழுதாகத் தெரியாது. அவர்கள் கண் திறந்தபோது வீடு இருந்தது, அவ்வளவுதான்.

எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் மணலில் எழுதியதோடு சரி. அதனால் நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். நடுவில் நான் கண்ணை மூடிக்கொண்டால் தூங்கிவிட்டேன் என்று எழுந்து போய்விடாதே என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கண்ணை மூடினால்தான் எனக்கு அந்த இடம் தெரியும்.

முதலில் தெரிவது நூல்.

வெள்ளை நூல். லாலான் புல்லை வெட்டிச் சமன்செய்த மண்ணில் முளை அடித்து, முளைக்கு முளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் கிணறு. கிணற்றைச் சுற்றி லாடம்போல வளைந்து ஏழு வீடுகள். வீடுகள் என்றா சொன்னேன்? வீடு எங்கே இருந்தது? நூல்தான் இருந்தது. இது கூடம், இது அறை, இது சமையல்கட்டு என்று ஆசாரி காலால் காட்டுவார். சாயங்காலம் அவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு போனபின் நான் அங்கே போவேன். சுவர் இல்லை, கதவு இல்லை. இருந்தாலும் நூலைத் தாண்டி உள்ளே போகமாட்டேன். வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகத்தான் போவேன். போய், அறை என்று காட்டிய இடத்தில் மண்ணிலேயே படுத்துக்கொள்வேன். மேலே வானம் செம்மண் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். கடற்பக்கமிருந்து காற்று வரும்போது அத்தனை நூலும் ஒன்றாக அசையும். வீடு மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். எந்த வீடு எனக்கு என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆகையால் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு வீட்டில் படுத்தேன். ஏழிலும் படுத்து எழுந்தவள் நான் ஒருத்திதான்.

இனி அந்த நூல் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் கித்தாக்காட்டை, அதான் ரப்பர்த் தோட்டத்தை, துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறத் தொடங்கிய காலம். குருபோங் பக்கம் நாங்கள் பால் வெட்டிய தோட்டமும் அப்படித்தான் போயிற்று. புதிதாக வாங்கியவர்களுக்கு மரம் வேண்டியிருந்தது, லயத்துச் சனம் வேண்டியிருக்கவில்லை. கைக்குழந்தையும் ஒரு தகரப் பெட்டியுமாக டவுனுக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு முனிசிபலில் சாக்கடை வாரும் வேலை கிடைத்தது. எனக்கு பீபி கிடைத்தார்.

பீபி மலாக்காச் செட்டி வீட்டுப் பெரியவர். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், நம்மைப்போல விபூதி வைப்பார்கள், பேச்சு மட்டும் மலாய். அந்த அம்மாளுக்கு நான் மசாலா இடித்துக் கொடுத்தேன். சம்பளத்தோடு அவர் வீட்டுப் பின்னால் விறகு அடுக்கும் சாய்ப்பில் படுத்துக்கொள்ள இடமும் கொடுத்தார். மழை பெய்தால் நாங்கள் விறகின்மேல் ஏறிக்கொள்வோம். விறகுக்கு மரியாதை இருந்தது, அது காய்ந்திருக்க வேண்டுமே.

பீபிக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. ரோட்டை ஒட்டி, நாலைந்து ரம்புத்தான் மரங்களோடு சும்மா கிடந்த நிலம். முனிசிபல் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி ஒருவர் அதைக் கேட்டு வந்தார். அவரும் அவருக்குத் தெரிந்த நாலு குடும்பங்களும் சேர்ந்து வீடு கட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். தனித்தனி வீடு, ஆனால் கிணறு ஒன்று, குளிக்கும் இடம் ஒன்று, நடுவில் ஒரு கொட்டகை போட்டு ராத்திரிச் சோற்றை முறைவைத்து எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் பொங்குவது என்று யோசனை. பலகைக்கும் தகரத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நிலம்தான் இல்லை.

பீபி நிலத்தைக் கொஞ்சமான வாடகைக்கு நீண்டகாலம் தருகிறேன் என்றார். ஒரே ஒரு பேச்சு. ஐந்து வீடு இல்லை, ஏழு வீடு கட்டவேண்டும். மேற்கொண்டு கட்டும் இரண்டும் பங்கு போடமுடியாத குடும்பங்களுக்கு. அவர்கள் மண் வெட்டட்டும், கல் சுமக்கட்டும், குடிவந்த பிறகு முடிந்த வாடகையைப் பொதுவில் கொடுக்கட்டும். ஆனால் அதே அளவு வீடு, அதே பலகை, அதே தகரம். உள்ளங்கையைக் கவிழ்த்துக் காற்றை ஒரே மட்டமாகத் தடவி, "சாமா ராத்தா" என்று சொல்வார். மேடு பள்ளம் கூடாது என்று அர்த்தம். பீபி ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நல்ல மனசு என்று எல்லாரும் சொல்வார்கள். அவர் குழம்புக்கு ஏற்றபடி மசாலா இடிக்க வேறு ஆள் கிடைக்காது என்ற பயமாகவும் இருக்கலாம்.

கிராணி ஒத்துக்கொண்டார். இரண்டு வீட்டில் ஒன்று, இட்டிலி விற்றுக்கொண்டிருந்த ஒரு விதவைக்கு. இன்னொன்று எங்களுக்கு. நானும் என் வீட்டுக்காரரும் கிணறு வெட்டினோம். அவர் உள்ளே இறங்கி வெட்டினார், நான் மேலே நின்று மண் வாங்கினேன். ஊற்றுக் கண் திறந்தபோது அவர் கீழேயிருந்து மேலே பார்த்துச் சிரித்தார். அவர் முகம் நிலா மாதிரி சின்னதாகத் தெரிந்தது. சாக்கடையில் இறங்கி ஏறுகிற மனுஷன் நல்ல தண்ணீரில் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஏழும் ஒரே அளவு என்றாலும் ஏழும் ஒரே இடத்தில் இருக்குமா? ரோட்டைப் பார்த்து ஒரு முன்வீடு இருந்தது. லாடத்தின் கடைசியில், கக்கூஸ் பக்கம், ஒரு பின்வீடு இருந்தது. யாருக்கு எது என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பதாக முடிவானது. அதற்கு முன்னால் ஒரு கூட்டம் போட்டுச் சில சட்டங்கள் வைத்தார்கள். கிராணிதான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். பொதுவில் வாங்கப்போகும் பெரிய ரேடியோ முன்வீட்டுக் கூடத்தில் இருக்கவேண்டும். வெளியாள் யார் வந்தாலும் முன்வீட்டில்தான் உட்காரவைத்துப் பேசவேண்டும். மாரியம்மன் திருவிழாவில் துக்காங் எமாஸ் தெருக் கோயிலிலிருந்து சாமி காஜா பெராங்குக்கு வரும்போது தேர் நம் வாசலில் நிற்கும்; அப்போது காம்பவுண்டு முழுவதுக்குமாக ஒரே அர்ச்சனைத் தட்டை முன்வீட்டுக்காரர் ஏந்தி நிற்கவேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வீடு கிராணிக்குத்தான் விழும் என்று எல்லாருக்கும் தோன்றியது. எப்படித் தோன்றியது என்று கேட்டால் யாராலும் சொல்லமுடியாது. கிராணியும் தன் உடம்புக்கு அளவெடுத்து சட்டை தைப்பதுபோல அந்தச் சட்டங்களை வைத்தார். சட்டையை யார் போடப்போகிறார்கள் என்று அவர் யோசிக்கவில்லை.

சீட்டை எழுதிப் போடலாம் என்றார் கிராணி. பீபி ஒப்பவில்லை. படிக்கத் தெரியாதவர்கள் இன்னொருவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா என்று கேட்டார். அவர் வீட்டு மசாலாப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு நூல்வீட்டு வாசலிலும் ஒரு கொட்டாங்கச்சி வைத்து அதில் ஒரு மசாலாச் சாமான் போட்டார். ஒன்றில் ஏலக்காய், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் பட்டை, இப்படி. முன்வீட்டில் அன்னாசிப்பூ. பின்வீட்டில் வெந்தயம். அதே ஏழையும் வாழையிலைத் துண்டில் மடித்துக் கட்டி ஒரு கூடையில் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.

நான் என் மடிப்பைப் பிரிக்கவில்லை. மோந்து பார்த்தேன். தினமும் அதை இடிக்கிற கை, தினமும் அதை மோந்த மூக்கு. இலைக்குள்ளே இருப்பது என்னவென்று பிரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. காலடியில் மண் கொஞ்சம் கீழே போய் மேலே வந்தது. மெதுவாகப் பிரித்தேன். எட்டு இதழோடு, ஒரு இதழும் உடையாமல், ஒரு முழு அன்னாசிப்பூ.

கிராணி கையில் வெந்தயம் இருந்தது.

பீபி, "சரி, முடிஞ்சுது" என்பதுபோலக் கூடையைக் கவிழ்த்துத் தட்டினார்.

மறுநாள் காலை கிராணியின் மனைவி சாய்ப்புக்கு வந்தார். என் வயசுதான் இருக்கும், நல்ல மனுஷி. கையில் ஒரு தூக்கில் கேசரி. உட்காரவைக்க ஒன்றும் இல்லாமல் அரிசித் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டேன். முகம் சுளிக்காமல் உட்கார்ந்தார்.

"பசியாறியாச்சா அக்கா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக்கூடாது."

"கேட்டாத்தானே தெரியும், தப்பா சரியான்னு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு சொன்னார். "எங்க அத்தைக்கு முழங்கால் முடியல. பின்வீட்டிலேருந்து ரோட்டுக்கு வரணும்னா கிணத்தைச் சுத்திக்கிட்டு வரணும். கக்கூஸ் நாத்தம் வேற. நீங்க நடமாடறவங்க. உங்களுக்கு எந்த வீடா இருந்தா என்ன? நீங்க பின்வீட்டை எடுத்துக்கிட்டா அந்தக் கிழவி ஆயுசுக்கும் உங்களை வாழ்த்தும்."

"அத்தைக்கு முழங்கால் வலி நேத்துத்தான் வந்துச்சா?"

"இல்லியே. ரொம்ப நாளா."

"அப்ப சீட்டு எடுக்கறதுக்கு முன்னாடியே அதைச் சொல்லியிருக்கலாமே. முன்வீடு அத்தைக்குன்னு நானே முதல்ல தலையாட்டியிருப்பேன்."

அவர் தூக்கின் மூடியைத் திறந்து மூடினார். "கேசரி ஆறிடும், சாப்பிடுங்க" என்று எழுந்து போனார். கேசரி நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

என் வீட்டுக்காரர் கோபக்காரர் இல்லை. அன்று மாலை கால் கழுவிக்கொண்டே சொன்னார்: "மாத்திக் குடுத்துடலாம். கூரை ஒழுகாத வீடு கிடைச்சதே பெரிசு."

"பின்வீடும் ஒழுகாது. அதுக்காக மாத்தணுமா?"

"ஆறு வீட்டைப் பகைச்சுக்கிட்டு ஒரே அடுப்புச் சோத்தைத் திங்கமுடியுமா? அதுவும் அந்த ரேடியோ, வர்றவங்க போறவங்க. சாக்கடை நாத்தத்தோட வந்து நான் எங்கே உட்காருவேன்?"

அதுதான் அவர் மனசில் இருந்தது. "குளிச்சிட்டு நடுவிலே உட்காருங்க. நம்ம கூடம்தானே" என்றேன். அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கால் எப்போதோ சுத்தமாகியிருந்தது.

எனக்கு முன்வீட்டின்மேல் ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஆசைக்காக மட்டும் பிடித்துக்கொள்ளவில்லை. எங்களுக்குக் கொடுத்தது வீடுதானா, இல்லை யாருக்கும் வேண்டாத வீடா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. முன்வீட்டை விட்டுவிட்டால் அது எனக்குக் கடைசிவரை தெரியாமலே போய்விடும். என் பிள்ளைகள் பின்பக்கத்துப் பிள்ளைகளாகவே வளர்ந்துவிடும்.

கிராணி பேச்சைப் பீபியிடம் கொண்டுபோனார். பீபி எல்லாரையும் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். பாடாங் திடலில் தலைவர்கள் சனங்களைக் கூட்டி, சுதந்திரம் இன்ன மாதம் வருகிறது என்று அறிவித்துப் போயிருந்த நேரம் அது. யார் வாயைத் திறந்தாலும் அதே பேச்சு. கிராணி சிரித்த முகத்தோடுதான் ஆரம்பித்தார்.

"நாடே கை மாறப்போகுது. ஒரு வீடு கை மாறக்கூடாதாம்மா?"

பங்கு போட்டவர்களில் ஒருவரான மளிகைக்கடைக்காரர் மனைவி பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "உள்ளே விட்டதே பெரிசு. இதிலே முன்னாடி வேற வேணுமாம்."

நான் எல்லாரையும் பார்த்துக் கேட்டேன். "எனக்கு வெந்தயம் விழுந்திருந்தா, பாவம் பின்வீடாச்சே, மாத்திக்கிறியான்னு யாராவது கேட்டு வந்திருப்பீங்களா?"

கிராணிதான் மறுபடி, "எங்கம்மா காலுக்காகத்தான்மா கேக்கறேன்" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பேச்சு.

"நாளைக்கு வெள்ளைக்காரன் வந்து, 'எங்கம்மாவுக்கு முழங்கால் வலி, நாட்டை நாங்களே வச்சுக்கறோம்'னு கேட்டா, குடுத்துடுவீங்களா ஐயா?"

முதலில் இட்டிலிக்கார அம்மாள் சிரித்தார். பிறகு ஆளாளுக்குச் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிணற்றைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. என்ன சொன்னேன் என்று பீபி கேட்க, யாரோ மலாயில் சொல்ல, பீபி வெற்றிலைச் சாறு மடியில் சிந்தும்வரை சிரித்தார். சிரித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: பூ யார் கையில் விழுந்ததோ, அந்தக் கைக்குரிய வாய்தான் சொல்லவேண்டும். நிலத்துக்காரி சொல்லக்கூடாது, கிராணி சொல்லக்கூடாது.

"நான் மாத்திக்கல" என்றேன்.

அவ்வளவுதான். சொல்லிவிட்டு அன்றைக்கு மீதியிருந்த மசாலாவை இடிக்கப் போனேன்.

குடிபோனோம். புதுப் பலகை வாசனை, தகரத்தில் மழை விழும் சத்தம், விறகுக்கும் எங்களுக்கும் இனிமேல் சம்பந்தம் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை யாரிடம் சொல்வது? கொட்டகையில் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். குழம்பை நகர்த்துவார்கள், பேச்சை நகர்த்தமாட்டார்கள். சட்டப்படி ரேடியோ எங்கள் கூடத்துக்கு வந்தது. அலமாரி மாதிரி பெரிசு, பக்கத்தில் ஒரு பேட்டரி. கொண்டுவந்து வைத்தவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள். கேட்க ஒருவரும் வரவில்லை. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் அதைத் தொடவே பயம். பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்தி வைத்தேன். சாயங்காலம் விளக்கேற்றி அதன் எதிரில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். முகத்தை மூடிக்கொண்டு ஒரு விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். கூடம் அத்தனை பெரிசாக எனக்கு அதற்குமுன்னும் தெரிந்ததில்லை, பின்னும் தெரிந்ததில்லை. மாற்றிக் கொடுத்திருக்கலாமோ என்று அந்த நாட்களில்தான் நினைத்தேன்.

ஒருநாள் வெயில் தாழ்ந்த நேரம். கிணற்றடியில் தடி ஊன்றும் சத்தம். கிராணியின் அம்மா. பின்வீட்டிலிருந்து கிளம்பி, கிணற்று மேட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, எழுந்து, என் வாசலுக்கு வந்து நின்றார். முழங்கால் முடியாதவர் என்று சொன்ன அதே அம்மாள்.

"ஏய், முன்வீட்டுக்காரி."

"வாங்க ஆத்தா."

"உன் வீட்டுக்கு வரல. ரேடியோவுக்கு வந்தேன். நாடகம் போடற நேரம்."

"எனக்குத் திருப்பத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? கடைத்தெருவிலே திருப்பறதைப் பாத்திருக்கேன். அந்தக் காதைப் புடிச்சுத் திருகு. பையத் திருகு, பிய்ச்சுறாதே."

துணியை எடுத்துவிட்டுத் திருகினேன். உள்ளே மஞ்சளாக ஒரு வெளிச்சம் எழுந்தது. காற்று இரைந்தது. ஒரு சீனப் பேச்சு வந்து போயிற்று, ஒரு மலாய்ப் பாட்டு வந்து போயிற்று. பிறகு, யாரோ பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோலத் தமிழ். அந்த அம்மாள் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"என் மருமக வந்து கேட்டப்போ முடியாதுன்னே. இப்ப எனக்கு நாற்காலி போடறே."

"வீடுதான் குடுக்கமாட்டேன் ஆத்தா. நாற்காலி எத்தனை வேணும்னாலும் போடறேன்."

"அப்ப இன்னொண்ணு போடு. காலை நீட்டணும்."

போட்டேன். காலை நீட்டிக்கொண்டார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். என் கையையும் செம்பையும் கொஞ்ச நேரம் பார்த்தார். நானும் கையை இறக்கவில்லை.

"வெறுந்தண்ணியா?" என்றார். "கோப்பி இல்லியா?"

கோப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். சர்க்கரை போதாது என்றார். மறுநாள் சர்க்கரை அதிகம் என்றார். அப்படியே தினமும் வந்தார். இருட்டுவதற்குள் அம்மாவைக் கூட்டிப்போக கிராணி வருவார். முதலில் வாசலுக்கு வெளியே நின்றார். செய்தி போடும் நேரம் ஆதலால் காது உள்ளே வந்தது. அப்புறம் ஒரு கால் உள்ளே வந்தது. பாய் போட்டேன், உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு வந்து, நடுவில் இல்லை, சுவரோரம்தான், ஆனால் உட்கார்ந்தார். மெல்ல மெல்ல மற்ற வீட்டு ஆண்களும் வந்தார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஒரே மாதிரி விழும். யார் கிராணி, யார் சாக்கடை வாருகிறவர் என்று தெரியாது. எனக்கு அது இன்றைக்கும் கனவில் வருகிறது. கனவில் யாரும் பேசுவதில்லை, ரேடியோ மட்டும் பேசுகிறது.

பெண்கள் வரவில்லை. கிராணியின் மனைவி கிணற்றடியில் வாளியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்தே கேட்டுக்கொண்டு நிற்பார். கூப்பிட்டால் தண்ணீர் இறைப்பதுபோலத் திரும்பிக்கொள்வார்.

இப்படி இருக்கும்போது மாரியம்மன் திருவிழா வந்தது.

தேர் வரும் நாள் பீபியின் பித்தளைத் தட்டை வாங்கிப் புளிபோட்டுத் தேய்த்தேன். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, கதம்பம். சட்டம் என்ன சொன்னது? ஏழு வீட்டுக்கும் ஒரே தட்டு, ஏந்துவது முன்வீடு. நான் தலைக்குக் குளித்து, இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றேன். திரும்பிப் பார்த்தால் வேலியோரம் வரிசையாகப் பெண்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தட்டு. கிராணியின் மனைவி கையிலும் ஒன்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. சண்டைக்கு வரவில்லை, பேசவில்லை. என் தட்டு என் வீட்டுத் தட்டாக மட்டும் ஆகிவிட்டது. மேளம் நெருங்கி வந்தது. வெயில் சாய்ந்து, தூசியெல்லாம் பொன்னாக மிதந்தது. தேரின் உச்சி தென்னைகளுக்கு நடுவில் ஆடி ஆடி வந்தது. எனக்கு மட்டும் காலுக்குக் கீழே பழைய நூல்கட்டின மண் தெரிந்தது, காற்றடித்தால் எல்லாம் அசைகிற மண்.

கிராணியின் அம்மா என் வாசலில் இரண்டு நாற்காலியிலும் பரந்து உட்கார்ந்திருந்தார். வேலியை ஒரு பார்வை பார்த்தார். மருமகளைக் கூப்பிட்டார்.

"எத்தனை தட்டு? சாமி என்ன, நம்ம வாசல்ல கடை பார்க்கவா வருது?"

மருமகள் தட்டோடு அவர் எதிரே வந்து நின்றார்.

"உன் புருஷன்தானே சட்டம் போட்டான், ஒரு தட்டுன்னு. நாள் தவறாம இவ வீட்டுக் கோப்பியைக் குடிச்சிட்டு நான் எந்த மூஞ்சியோட உன் தட்டுப் பக்கம் நிக்கறது? கொண்டா அந்தத் தேங்காயை. இவ தட்டிலே வை."

மருமகள் என்னைப் பார்த்தார். குடிவந்த பிறகு நேருக்கு நேராக அன்றுதான் பார்த்தார். அவர் என்னைவிட உயரம் குறைவு. நான் தட்டை அவர் உயரத்துக்குத் தாழ்த்தினேன். தேங்காயை வைத்தார். பழத்தை வைத்தார். கதம்பத்தை அதன்மேல் சுற்றினார். பின்னால் இட்டிலிக்கார அம்மாள் வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. தேங்காய்மேல் தேங்காய். தட்டு ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது.

"புடிச்சுக்கோங்க அக்கா, விழப்போகுது" என்றார் கிராணியின் மனைவி.

"நீங்களும் புடிங்க" என்றேன்.

தட்டின் மறுபக்கத்தை அவர் பிடித்துக்கொண்டார். தேர் நின்றது. ஐயர் குனிந்து, யார் பேருக்கு என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்து, ஒரே நேரத்தில் மூடிக்கொண்டோம். அப்புறம் நான் சொன்னேன்: "இந்தக் காம்பவுண்டு பேருக்கு சாமி."

"நட்சத்திரம்?"

"எல்லா நட்சத்திரத்துக்கும் பண்ணுங்க" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "ஏழு வீட்டையும் எண்ணினா இருபத்தேழும் இங்கேதான் கிடக்கு."

ஐயருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மளிகைக்கடைக்காரர் மனைவி மட்டும் கடைசிவரை தன் தட்டைத் தானே வைத்துக்கொண்டு வேலியோரம் நின்றார். தேர் அவருக்காகவும் நின்றது. சாமிக்கு என்ன, நிற்கும். அவரும் அந்தக் காம்பவுண்டில்தான் கடைசிவரை இருந்தார், என்னோடு அளவாகத்தான் பேசினார். எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன்.

உடைத்த தேங்காய் மூடிகள் தட்டில் கலந்து கிடந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கிராணியின் மனைவி ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கொட்டகைக்குக் கொண்டு போயிடலாமா அக்கா?" என்று கேட்டார். துருவி முடிக்கவே இருட்டிவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து துருவினோம். பாதி துருவிக்கொண்டிருக்கும்போது, தலை நிமிராமல், "அந்த வீட்டை நீங்க விட்டிருந்தா நான் வாங்கியிருப்பேன். வாங்கிட்டு உங்களை மதிச்சிருக்க மாட்டேன்" என்றார். துருவல் போதுமா என்று மட்டும் கேட்டேன்.

அந்த வீட்டை மாற்றிக்கொள்கிறாயா என்று அதற்குப் பிறகு என்னிடம் யாரும் கேட்டதில்லை. சுதந்திரம் வந்த காலையில் ஏழு வீட்டுச் சனமும் என் கூடத்தில்தான் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. இடம் போதாமல் என் வீட்டுக்காரர் நடுவிலே உட்காரவேண்டியதாயிற்று. அவர் மடியில் கிராணியின் கடைக்குட்டி தூங்கிவிட்டது.

எனக்குச் சொல்லவேண்டியது இவ்வளவுதான். கையை எடுத்து உதறிக்கொள் கண்ணு, வலிக்கும். தண்ணீர் குடி. பிறகு முதலிலிருந்து ஒருமுறை வாசி, நான் சொன்ன மாதிரியே எழுதியிருக்கிறாயா என்று பார்ப்போம். மெதுவாக வாசி. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.